ஹான்ஸ் ஃபொன் பியூலோ: ஓர் உரைகாரக் கலைஞனின் பெருமையும் எல்லையும்

நிகழ்த்துகலைஞர் பற்றிய விமரிசனம் எப்பொழுதும் ஓர் இடர்ப்பாட்டுடனேயே தொடங்க வேண்டியுள்ளது. கவிஞன் மறைந்த பின்னரும் கவிதை எஞ்சுகின்றது. ஓவியன் மறைந்த பின்னரும் ஓவியம் எஞ்சுகின்றது. பிறர் ஆக்கியதை நிகழ்த்திக் காட்டுபவனின் கலையோ அவனது விரல் ஓய்ந்ததும் தானும் ஓய்ந்துவிடுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜேர்மனியில் பியானோக் கலைஞராகவும், பல்லியக்குழு நெறியாளராகவும், இசையாசிரியராகவும் விளங்கிய ஹான்ஸ் ஃபொன் பியூலோ (1830 - 1894) இத்தகையோருள் ஒருவர். அவரது வாசிப்பின் ஒலிப்பதிவு எதுவும் எஞ்சவில்லை. அவர் தாமே இயற்றியவை, 'நிர்வாணா' என்னும் பல்லிய ஆக்கம் உட்பட, மிக அரிதாகவே இசைக்கப்படுகின்றன. பொதுவான இசை வரலாறுகளில் அவர் பெரும்பாலும் ஒரு குடும்பக் கதையின் துணைப்பாத்திரமாகவே இடம்பெறுகின்றார். தம் குருவின் மகளை மணந்து, பின்னர் தாம் வழிபட்ட மேதையிடம் அவரைப் பறிகொடுத்தவர் என்பதே அக்கதை.

அக்கதை உண்மையே. ஆயினும், அதனோடு நின்றுவிடுவது பியூலோவுக்கு மட்டுமன்றி இசை வரலாற்றுக்கும் இழைக்கும் அநீதியாகும். நவீன பல்லியக்குழுவின் பயிற்சிமுறை, கச்சேரி நிகழ்ச்சியை ஒரு கல்வியாகக் கருதும் நோக்கு, இசைப்பிரதியைச் சொல்லுக்குச் சொல் ஆராயும் கற்பித்தல் முறை ஆகிய மூன்றும் அவரிடத்தே ஒருங்கே உருப்பெற்றன. அதேவேளை, மூலத்துக்குப் பணிந்து நிற்பதாகக் கூறும் ஒருவன் எந்த இடத்தில் மூலத்தின் மீது ஆணை செலுத்தத் தொடங்குகின்றான் என்னும் வினாவையும் அவரது வாழ்க்கை எழுப்புகின்றது. உரையாசிரியர் மரபோடு பழகியோர்க்கு இவ்வினா புதிதன்று. மூலத்தின் அடியவனாகத் தன்னை அறிமுகஞ் செய்யும் உரைகாரனே, அம்மூலம் எவ்வாறு பயிலப்பட வேண்டும் என்பதைப் பல தலைமுறைகளுக்குத் தீர்மானித்துவிடுகின்றான். பியூலோவை அத்தகையதோர் உரைகாரராகக் கண்டு, அவரது பெருமையையும் எல்லையையும் மதிப்பிடுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சட்டத்திலிருந்து இசைக்கு

பியூலோ 1830ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் திகதி டிறெஸ்டன் நகரிலே பிறந்தார். தந்தை எடுவார்ட் ஃபொன் பியூலோ ஓர் எழுத்தாளர். குடும்பம் பிரபுத்துவ வழியைச் சேர்ந்தது. சிறுவயதில் அவருக்குப் பியானோ கற்பித்தவர்களுள் கிளாரா ஷூமனின் தந்தையான பிறீட்றிஹ் வீக் குறிப்பிடத்தக்கவர். ஆயினும், அவ்வகுப்பைச் சேர்ந்த குடும்பம் ஒன்று தன் மகன் இசைத்தொழில் புரிவதை எளிதில் ஏற்கும் நிலையில் இருக்கவில்லை. எனவே லைப்சிக்கிலும் பின்னர் பேர்லினிலும் அவர் சட்டம் பயில நேர்ந்தது.

அக்காலம் எத்தகையது என்பது மனங்கொள்ளத்தக்கது. 1848 - 49 ஆண்டுகளின் புரட்சி அலை ஜேர்மானிய அரசுகளை உலுக்கிக்கொண்டிருந்தது. டிறெஸ்டன் எழுச்சியிற் பங்குகொண்ட றிச்சார்ட் வாக்னர் நாட்டைவிட்டு ஓடிச் சுவிற்சர்லாந்தில் அடைக்கலம் புகுந்திருந்தார். மாணவராயிருந்த பியூலோ பேர்லினில் ஒரு சனநாயகப் பத்திரிகைக்கு எழுதிவந்தார். அவருடைய இளமைக்கால எழுத்தில் அரசியல் மாற்றத்துக்கான ஆவலும் புதிய இசைக்கான ஆவலும் வேறுவேறாக இருக்கவில்லை. வாக்னரை ஆதரிப்பது அன்றைய நிலையில் ஓர் இரசனை நிலைப்பாடு மட்டுமன்று. நாடுகடந்து வாழும் ஒரு புரட்சியாளனுக்குப் பக்கத்தில் நிற்பதும் ஆகும்.

1850 ஓகஸ்ட் 28ஆம் திகதி வைமார் நகரில் பிரான்ஸ் லிஸ்றின் நெறியாள்கையில் வாக்னரின் 'லோஹென்கிறின்' முதன்முறையாக மேடையேறியது. அதனைக் கண்ட இருபது வயது இளைஞர் சட்டத்தைக் கைவிட்டார். குடும்பத்தின் எதிர்ப்பையும் பொருட்படுத்தாது சூரிச் சென்று வாக்னரிடம் நெறியாள்கையின் அரிச்சுவடியைக் கற்றார். 1851இல் வைமாருக்கு வந்து லிஸ்றின் மாணவரானார். இருவேறு குருமார். ஒருவரிடமிருந்து பல்லியக்குழுவையும் மற்றவரிடமிருந்து பியானோவையும் பெற்றார் என்று கூறுவது மேலோட்டமான கூற்றாகும். இருவரிடமிருந்தும் அவர் பெற்றது ஒன்றே: இசைப்பிரதியிலுள்ள குறிகள் இசையாகிவிடுவதில்லை, அவற்றின் பின்னுள்ள சிந்தனையை மீளச் சிந்திப்பவனே அவற்றை இசையாக்குகின்றான் என்னும் கொள்கை.

புதுமைக்கான போர்

1855 முதல் 1864 வரை பியூலோ பேர்லினிலுள்ள ஸ்ரேர்ன் இசைக்கல்லூரியில் தலைமைப் பியானோ ஆசிரியராகக் கடமையாற்றினார். மரபுப்பற்று மிக்க அந்நகரில் அவர் புதிய இசையின் தனிநபர்ப் படையாகவே இயங்கினார் எனலாம். 1857 ஜனவரியில் லிஸ்றின் பி மைனர் சொனாற்றாவை முதன்முறையாகப் பொதுமேடையில் வாசித்தவர் அவரே. அன்று பத்திரிகை விமரிசகர்கள் அவ்வாக்கத்தைக் கடுமையாகத் தாக்கினர். இன்று அது பியானோ இலக்கியத்தின் மையமான ஆக்கங்களுள் ஒன்றாகக் கணிக்கப்படுகின்றது. அதே ஆண்டு ஓகஸ்டில் லிஸ்றின் மகள் கொசிமாவை அவர் மணந்தார்.

1859 ஜனவரியில் நிகழ்ந்த ஒரு சம்பவம் அவரது இயல்பைத் தெளிவாகக் காட்டுகின்றது. அவருடைய நெறியாள்கையில் லிஸ்றின் 'இலட்சியங்கள்' என்னும் பல்லிய ஆக்கம் இசைக்கப்பட்டபோது, சபையோர் சிலர் சீறொலி எழுப்பினர். பியூலோ மேடைக்குத் திரும்பி வந்து, சீறுவோர் மண்டபத்தைவிட்டு வெளியேறவேண்டும் எனப் பணித்தார். சபையை மகிழ்விப்பது கலைஞனின் கடன் என்னும் கருத்தை அவர் ஏற்கவில்லை. சபையே கலையின் முன் தகுதிபெற வேண்டும் என்பது அவரது நிலைப்பாடு. இந்நிலைப்பாட்டின் வலிமை வெளிப்படை. அதன் ஆபத்து பின்னரே புலப்பட்டது.

1864இல் பவேரிய மன்னன் இரண்டாம் லுட்விக் வாக்னரை மியூனிக் நகருக்கு அழைத்தபோது பியூலோவும் அரசவைப் பியானோக் கலைஞராக அங்கு சென்றார். 'ட்ரிஸ்ரானும் இசொல்டேயும்' அவ்வேளையில் மேடையேற்ற இயலாத ஆக்கம் எனப் பெயர்பெற்றிருந்தது. வியன்னாவில் எழுபதுக்கும் மேற்பட்ட ஒத்திகைகளின் பின்னர் அது கைவிடப்பட்டிருந்தது. அதற்கான பியானோப் பிரதியை ஆக்கியவர் பியூலோ. அதனால் அதன் ஒவ்வோர் இழையையும் அறிந்திருந்தார். 1865 ஜூன் 10ஆம் திகதி அவரது நெறியாள்கையில் அது அரங்கேறியது. 1868 ஜூன் 21ஆம் திகதி 'மைஸ்ரர்சிங்கர்' அரங்கேறியது. இவ்விரண்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டு இசைநாடக வரலாற்றின் திருப்புமுனைகள் ஆகும். ஒரு நிகழ்த்துகலைஞனின் உழைப்பு இல்லாதிருப்பின் அவை இன்னும் பல்லாண்டுகள் தாளிலேயே கிடந்திருக்கக்கூடும்.

ட்ரிஸ்ரான் ஒத்திகையின்போது வாத்தியக்காரருக்கு இடம்போதாமையால் முன்வரிசை இருக்கைகளை அகற்றுமாறு அவர் கேட்டார். அதனால் சபையோர்க்கு இடங் குறையும் எனப் பதில் வந்தபோது, அச்சபையோரைப் பற்றி அவர் உதிர்த்த வசைமொழி பத்திரிகைகளுக்கு எட்டியது. நகரெங்கும் கண்டனம் எழுந்தது. 1859ஆம் ஆண்டின் பெருமிதம் இங்கு வெறுஞ் சினமாகச் சிறுத்திருந்தது.

இழப்பும் கடமையும்

1865 ஏப்ரல் 10ஆம் திகதி ட்ரிஸ்ரானுக்கான பல்லியக்குழு ஒத்திகைகள் தொடங்கிய அன்றே கொசிமா ஒரு பெண்மகவை ஈன்றார். குழந்தைக்கு இசொல்டே எனப் பெயரிடப்பட்டது. அதன் தந்தை வாக்னர். சட்டத்தின் பதிவிலோ அது பியூலோவின் மகள். 1914இல் அப்பெண் தன் பிறப்புரிமை கோரி வழக்காடியபோதும் நீதிமன்றம் சட்டப்படியான தந்தை பியூலோவே எனக் கொண்டு அவ்வழக்கை நிராகரித்தது. 1868 இறுதியில் கொசிமா நிரந்தரமாகப் பிரிந்தார். 1870 ஜூலையில் மணவிலக்கும், அடுத்த மாதமே வாக்னருடனான திருமணமும் நிகழ்ந்தன.

இவ்விவரங்களை வாழ்க்கைவரலாற்றாசிரியர் பலர் நாடகச் சுவையோடு விரித்துரைப்பர். விமரிசனத்துக்கு உரிய பொருள் பிறிதொன்று. தம் வாழ்வைச் சிதைத்தவரின் படைப்பை அவர் தொடர்ந்தும் எவ்வாறு அணுகினார் என்பதே அது. வாக்னர் என்னும் மனிதரை அவர் விலக்கினார். வாக்னரின் இசையை விலக்கவில்லை. பின்னாளில் தாம் நிகழ்த்திய கச்சேரிகளின் வருவாயிலிருந்து பைறொயித் விழா நிதிக்கு 40,000 மார்க் வழங்கினார். படைப்பையும் படைப்பாளியையும் வேறுபிரித்து நோக்க இயலுமா என்பது விமரிசகர்கள் வகுப்பறையில் வாதிடும் வினா. பியூலோ அதற்குத் தம் வாழ்வினாலேயே விடையளிக்க நேர்ந்தது. அவ்விடையில் ஒரு பெருந்தன்மை உண்டு. அதே வேளை ஓர் அடிமைத்தன்மையும் உண்டு. மேதைமையின் முன் தன் உரிமை எதுவும் எழக்கூடாது என்னும் நம்பிக்கை, பணிவின் உயர்ந்த வடிவமா அன்றித் தன்மதிப்பின் இழப்பா என்பது எளிதில் தீர்க்கக்கூடியதன்று.

மூன்றாண்டுகள் வரை இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் ஒதுங்கி வாழ்ந்த பின்னர், 1872 முதல் அவர் மீண்டும் பியானோக் கலைஞராக உலகை வலம்வந்தார். மொஸ்கோவில் நிக்கொலாய் ரூபின்ஸ்ரைன் வாசிக்க இயலாதது என ஒதுக்கிய சைக்கோவ்ஸ்கியின் முதலாவது பியானோ கொன்சேர்ற்றோ பியூலோவுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 1875 ஒக்டோபர் 25ஆம் திகதி பொஸ்ரன் நகரில் அதனை முதன்முதலாக வாசித்தவரும் அவரே. அந்த அமெரிக்கப் பயணத்தில் 139 கச்சேரிகளை நிகழ்த்தி, உடலும் உள்ளமும் நலிந்து திரும்பினார்.

சமகாலத்தவர் அவரை அன்ரன் ரூபின்ஸ்ரைனோடு ஒப்பிட்டனர். ரூபின்ஸ்ரைன் தவறான சுரங்களை அள்ளித் தெளித்தாலும் கேட்போரை உணர்ச்சி வெள்ளத்தில் ஆழ்த்துபவர். பியூலோவோ ஒவ்வொரு சொற்றொடரையும் பகுத்துக் காட்டுபவர். அவரது வாசிப்பு ஒரு விரிவுரை போன்றது என நண்பரும் பகைவரும் ஒருங்கே கூறினர். பீத்தோவனின் இறுதி ஐந்து சொனாற்றாக்களையும் ஒரே மாலையில், நினைவிலிருந்தே, வாசிக்கும் துணிவு அவருக்கிருந்தது. இதனை வெறும் வித்தைகாட்டல் என ஒதுக்குதல் தகாது. கச்சேரி என்பது பல்சுவைப் பண்டங்களின் கதம்பமாக இருந்த காலத்தில், ஒரு படைப்பாளியின் சிந்தனை வளர்ச்சியை ஒரே அமர்வில் கேட்போர் பின்தொடர வேண்டும் என அவர் எதிர்பார்த்தார். கச்சேரி மண்டபம் கல்விக்கூடமாகியது.

மைனிங்கன்: ஒழுங்கின் சாதனை

1877 முதல் 1879 வரை ஹனோவர் அரசவை அரங்கில் கடமையாற்றிய பியூலோ, 'லோஹென்கிறின்' பாடிய தெனர் பாடகர் ஒருவருடன் ஏற்பட்ட சச்சரவினால் அப்பதவியை இழந்தார். 1880இல் மைனிங்கன் சிற்றரசின் பல்லியக்குழு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அச்சிற்றரசின் கோமகன் இரண்டாம் கேயோர்க் நாடகத்துறையில் ஏற்கெனவே பெரும் சீர்திருத்தம் செய்தவர். நட்சத்திர நடிகரைச் சாராது, நீண்ட ஒத்திகையின் மூலம் முழுக்குழுவையும் ஓருடலாக இயக்கும் மைனிங்கன் நாடகமுறை ஐரோப்பா எங்கும் புகழ்பெற்றிருந்தது. நாடகத்தில் கோமகன் செய்ததை இசையிற் செய்தவர் பியூலோ எனலாம்.

ஐம்பதுக்கும் குறைந்த வாத்தியக்காரரைக் கொண்ட சிறு குழு அது. பெருநகரங்களின் குழுக்கள் இரண்டொரு ஒத்திகையுடன் மேடையேறிய அக்காலத்தில், பியூலோ நரம்பு வாத்தியங்களையும் துளை வாத்தியங்களையும் தனித்தனியே பயிற்றுவித்துப் பின்னர் ஒன்றிணைத்தார். முதற் பருவம் முழுவதையும் பீத்தோவனுக்கே ஒதுக்கினார். ஒன்பதாவது சிம்பொனியை ஒரே மாலையில் இருமுறை இசைப்பித்தார். வாத்தியக்காரர்கள் பல ஆக்கங்களை நினைவிலிருந்தே, அதுவும் நின்றவாறே, வாசித்தனர். ஐந்து தந்திகளையுடைய பெருவயலின் போன்ற புதிய வாத்தியங்களையும் அவர் புகுத்தினார். தலை பிரதிக்குள் இருக்கக்கூடாது, பிரதியே தலைக்குள் இருக்கவேண்டும் என்பது அவர் கூற்றாக வழங்குகின்றது. இரயிலேறி நகரம் நகரமாகச் சென்ற இக்குழுவைக் கேட்டபோதே பெருநகரங்கள் தத்தம் குழுக்களின் குறைபாட்டை உணர்ந்தன.

இக்காலத்தில் பியூலோவின் பற்று வாக்னரிடமிருந்து பிறாம்ஸிடம் பெயர்ந்திருந்தது. பாஹ், பீத்தோவன், பிறாம்ஸ் ஆகிய மூவரையும் ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்களாக அடுக்கி மும்மூர்த்திகளாக்கிய வழக்கைப் பரப்பியவரும் அவரே. பிறாம்ஸின் நான்காவது சிம்பொனி 1885 ஒக்டோபர் 25ஆம் திகதி மைனிங்கனில் அரங்கேறியது. பியூலோ பயிற்றுவித்த குழுவை அன்று நெறிப்படுத்தியவர் பிறாம்ஸ். சில நாள்களின் பின், பியூலோ தம் குழுவுடன் பிராங்பேர்ட்டில் அதனை இசைக்கவிருந்த வேளையில், பிறாம்ஸ் அதே நகரில் வேறொரு குழுவைக் கொண்டு அதனை நிகழ்த்த உடன்பட்டமை பியூலோவைப் புண்படுத்தியது. அவர் மைனிங்கன் பதவியைத் துறந்தார். இரண்டாவது முறையாகவும் தாம் வழிபட்ட ஒரு மேதையினாலேயே அவர் காயமுற்றார்.

1887இல் பேர்லின் பில்ஹார்மொனிக் குழுவின் கச்சேரிகள் அவரது பொறுப்பில் வந்தன. 1882இல் 54 வாத்தியக்காரர்கள் தம் முதலாளியைவிட்டுப் பிரிந்து வந்து, தம்மைத் தாமே நிர்வகிக்கும் குழுவாக அதனை அமைத்திருந்தனர். சுயாட்சியை விரும்பிப் புறப்பட்ட ஒரு குழு, தன் தரத்தை உயர்த்துவதற்கு மிகக் கடுமையான ஒரு நெறியாளரைத் தேடிக்கொண்டமை வியப்பூட்டும் முரண்பாடாகத் தோன்றலாம். ஆயின், வெளியிலிருந்து சுமத்தப்படும் கட்டுப்பாடும், தாமே தேர்ந்து ஏற்கும் ஒழுங்கும் ஒன்றல்ல. அக்குழுவின் பிற்காலப் புகழுக்கு 1887 - 1892 காலப்பகுதியே அடித்தளமாயிற்று.

ஆசிரியரும் பதிப்பாசிரியரும்

கற்பித்தல் பியூலோவின் வாழ்வில் ஓய்வுநேரப் பணியன்று. ஸ்ரேர்ன் கல்லூரியின் பின்னர் மியூனிக்கிலே மன்னரின் இசைப்பள்ளிக்கு 1867இல் தலைவரானார். 1884 முதல் சில ஆண்டுகள் பிராங்பேர்ட்டிலுள்ள றாஃப் இசைக்கல்லூரியிலும் பேர்லினிலுள்ள கிளிண்ட்வொர்த் இசைக்கல்லூரியிலும் சிறப்பு வகுப்புகளை நடத்தினார். அவ்வகுப்புகளில் மாணவராயிருந்த தியோடோர் பைஃபர் எழுதிவைத்த குறிப்புகள் 1894இல் நூலாக வெளிவந்தன. மாணவர் ஒருவர் வாசிக்க ஏனையோர் சூழ்ந்திருந்து கேட்பர். பியூலோ சொற்றொடர் எங்கு தொடங்கி எங்கு முடிகின்றது, எந்தச் சுரம் அழுத்தம் பெறவேண்டும், எந்தக் குரல் மறைந்துபோகின்றது என ஒவ்வொன்றாகச் சுட்டுவார். அங்கதமும் கேலியும் தாராளமாக வரும். அவரது நாவுக்கு அஞ்சிய மாணவர் பலர். ஆயினும், 'அழகாக வாசி' என்னும் பொருளற்ற அறிவுரையை விட்டு, ஏன் அவ்வாறு வாசிக்க வேண்டும் என்பதற்குக் காரணம் காட்டிய ஆசிரியர் அவர்.

இம்முறையின் எழுத்து வடிவமே ஸ்ருட்கார்ட் கொற்றா பதிப்பகத்துக்காக அவர் ஆக்கிய பீத்தோவன் பதிப்பாகும். ஓபஸ் 53 முதலான சொனாற்றாக்களும் பிற பியானோ ஆக்கங்களும் அவருடைய விரலமைப்பு, வேகக்குறி, சொற்பிரிப்பு, அடிக்குறிப்பு விளக்கங்களுடன் வெளிவந்தன. கடினமான இறுதிச் சொனாற்றாக்களை மாணவர் அணுகுவதற்கு அதுபோன்ற வழிகாட்டி அதற்கு முன்னர் இருக்கவில்லை. எனினும் பதிப்பியல் நோக்கில் அதன் குறை பெரிது. பீத்தோவன் இட்ட குறி எது, பியூலோ இட்ட குறி எது என்பதை மாணவர் எப்பொழுதும் பிரித்தறிய முடிவதில்லை. உரை மூலத்தோடு கலந்துவிடுகின்றது. கார்ல் பிலிப் எமானுவேல் பாஹின் சொனாற்றாக்களில் அவர் இன்னும் ஒருபடி மேற்சென்று, மெலிந்ததாகத் தோன்றிய இடங்களைத் தம் காலத்துப் பியானோவுக்கு ஏற்ப நிரப்பினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹைன்றிஹ் ஷெங்கர் இதனைக் கடுமையாகக் கண்டித்தார். மூலபாடப் பதிப்புகளின் பின்னைய எழுச்சி இத்தகைய பதிப்புகளுக்கு எதிரான நியாயமான எதிர்வினையே.

நெறியாள்கை பற்றியும் இதே குற்றச்சாட்டு எழுந்தது. வாக்னர் 1869இல் எழுதிய நெறியாள்கை பற்றிய கட்டுரையில், ஓர் ஆக்கத்தின் உள்ளோட்டத்துக்கேற்ப வேகம் மாறவேண்டும் என்னும் கொள்கையை முன்வைத்திருந்தார். பியூலோ அதனைச் செயலிற் காட்டினார். 1895இல் பீலிக்ஸ் வைன்கார்ட்னர் வெளியிட்ட நூலில், பியூலோ வேகமாற்றங்களை மிகைப்படுத்தினார், அவரைப் பின்பற்றியோர் அதனை ஒரு நோயாகவே ஆக்கிவிட்டனர் எனச் சாடினார். ஒரு பகுதியை விளக்க முற்பட்டு முழுமையை உடைத்துவிடுதல் உரைகாரர்க்கு உரிய குற்றம். அக்குற்றத்திலிருந்து பியூலோ முற்றாக நீங்கியவர் அல்லர்.

இங்கு ஒன்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். குறிப்பிட்ட தீர்ப்புகளில் பியூலோ தவறியிருக்கலாம். ஆனால் அவரைத் திருத்துவோரும் அவர் வகுத்த வழியிலேயே திருத்துகின்றனர். பிரதியை நுணுகிப் படி, காரணம் காட்டு என்பதே அவ்வழி. மாணவனுக்கு ஆசிரியன் அளிக்கக்கூடிய மிகப் பெரிய கொடை, தன்னை மறுப்பதற்குரிய கருவியாகும்.

எல்லைகள்

மைனிங்கனில் அவரிடம் உதவி நெறியாளராகச் சேர்ந்த றிச்சார்ட் ஸ்ட்ராவுஸின் கதை இக்கொடைக்குச் சான்று. ஸ்ட்ராவுஸின் தந்தை பிரான்ஸ், மியூனிக் அரசவைக் குழுவில் கொம்பு வாத்தியக் கலைஞர், வாக்னரின் பகைவர், ட்ரிஸ்ரான் காலத்திலிருந்தே பியூலோவோடு மோதியவர். 1884 நவம்பரில் மியூனிக்கில் இருபது வயது ஸ்ட்ராவுஸைத் தம் சொந்த ஆக்கத்தை நெறிப்படுத்துமாறு, ஒத்திகையும் இன்றி, பியூலோ மேடையேற்றினார். நன்றிகூற வந்த தந்தையைச் சினந்து விரட்டினார். தந்தை மீதிருந்த பகை ஆறவில்லை. மகனின் ஆற்றலை மதிப்பிடுவதில் அப்பகை குறுக்கிடவும் இல்லை. அடுத்த ஆண்டே அவரை மைனிங்கனுக்கு அழைத்துக்கொண்டார்.

குஸ்தாவ் மாலரின் கதை இதன் மறுபக்கம். 1884இல் காசல் நகரில் சிறு பதவியிலிருந்த மாலர், தம்மை மாணவராக ஏற்குமாறு பியூலோவுக்கு உருக்கமாகக் கடிதம் எழுதினார். பியூலோ அக்கடிதத்தை மாலரின் மேலதிகாரியிடமே சேர்ப்பித்தார். 1891இல் இருவரும் ஹம்பேர்க்கில் இருந்தபோது, நெறியாளர் மாலரை அவர் பகிரங்கமாகப் பாராட்டினார். ஆயினும், மாலர் தம் இரண்டாவது சிம்பொனியின் முதற்பகுதியாகப் பின்னர் அமைந்த 'ஈமச்சடங்கு' என்னும் ஆக்கத்தைப் பியானோவில் வாசித்துக் காட்டியபோது பியூலோ காதுகளைப் பொத்திக்கொண்டார். இதனோடு ஒப்பிட ட்ரிஸ்ரான் ஒரு ஹைடன் சிம்பொனியே எனும் பொருள்பட மொழிந்தாராம். பேர்லினில் லிஸ்றுக்காகச் சபையை வெளியேறப் பணித்தவர், இப்பொழுது தாமே சீறும் சபையின் நிலைக்கு வந்துவிட்டார்.

அரசியல் மாற்றம் இதனினும் பாரதூரமானது. 1880இல் யூதரின் குடியேற்றத்தையும் அரச பதவிகளையும் கட்டுப்படுத்துமாறு பிஸ்மார்க்கிடம் கோரும் மனுவொன்று ஜேர்மனி எங்கும் சுற்றுக்கு விடப்பட்டது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்ட அம்மனுவில் பியூலோவின் பெயரும் உண்டு. யூதருக்கு எதிராக நூலே எழுதிய வாக்னர்கூட அதில் ஒப்பமிட மறுத்திருந்தார். பியூலோவின் பேர்லின் கச்சேரிகளை ஒழுங்குசெய்த ஹேர்மன் வோல்ஃப் யூத வழியினர். அவர் போற்றிய மாலரும் யூதர். தனிமனிதரின் திறமையை மதிப்பதும் அவர்தம் இனத்தின் உரிமையை மறுப்பதும் ஒரே மனத்தில் சேர்ந்திருக்க முடிந்தது. இதனை அக்காலத்தின் பொதுவழக்கு என மன்னித்துவிடுவது வரலாற்று நோக்காகாது. அன்றைய ஜேர்மனியில் அம்மனுவைப் பகிரங்கமாகக் கண்டித்த அறிஞர்களும் இருந்தனர்.

1892 மார்ச் 28ஆம் திகதி பேர்லினில் பீத்தோவனின் 'எறொயிக்கா' சிம்பொனியை நெறிப்படுத்திய பின்னர், பியூலோ சபையை நோக்கி உரையாற்றினார். நெப்போலியனுக்கென எழுதப்பட்டு, அவன் முடிசூடியதும் பீத்தோவனால் பெயர் நீக்கப்பட்ட அச்சிம்பொனியை அவர் பிஸ்மார்க்குக்கு அர்ப்பணித்தார். சபையில் ஒரு பகுதியினர் சீறொலி எழுப்பினர். 1848இன் சனநாயக இளைஞர், ஒரு கொடுங்கோன்மைக்கு எதிரான சினத்தைத் தன் வரலாற்றிலேயே தாங்கிய ஆக்கத்தை, இரும்பாலும் இரத்தத்தாலும் நாட்டை ஒன்றாக்கிய அரசியல்வாதிக்குக் காணிக்கையாக்கினார். இது திடீர்த் திருப்பமன்று. மேதையின் முன் மண்டியிடும் மனப்பாங்கு, வாக்னரிலிருந்து பிறாம்ஸுக்கும் பிறாம்ஸிலிருந்து பிஸ்மார்க்குக்கும் எளிதாக இடம்பெயர்ந்தது. வீரவழிபாடு தன் பொருளை மாற்றிக்கொண்டது, தன்னை மாற்றிக்கொள்ளவில்லை. 1871இல் ஒன்றிணைந்த ஜேர்மானியப் பேரரசின் நடுத்தர வகுப்பார் பலரும் இதே பாதையில் சென்றனர். அவ்வகையில் பியூலோவின் மாற்றம் ஒரு தனிமனித விசித்திரம் மட்டுமன்று. ஒரு வகுப்பின் வரலாறும் ஆகும்.

முடிவுரை

பியூலோ 1894 பெப்ரவரி 12ஆம் திகதி, உடல்நலம் தேடிச் சென்ற கெய்ரோ நகரில் காலமானார். மார்ச் 29ஆம் திகதி ஹம்பேர்க்கின் புனித மிக்கேல் தேவாலயத்தில் நடைபெற்ற அஞ்சலி வழிபாட்டில் மாலரும் கலந்துகொண்டார். தம் இரண்டாவது சிம்பொனியை எவ்வாறு முடிப்பது எனத் தெரியாது ஆண்டுக்கணக்காகத் தவித்துக்கொண்டிருந்தவர் அவர். அங்கு பாடகர்குழு குளோப்ஸ்ரொக்கின் உயிர்த்தெழுதற் பாடலைப் பாடியது. அக்கணமே தம் சிம்பொனியின் முடிவு புலப்பட்டதாக மாலர் பின்னர் கூறினார். எந்த ஆக்கத்தின் முதற்பகுதியைக் கேட்கப் பொறுக்காது பியூலோ காதைப் பொத்தினாரோ, அதன் இறுதிப்பகுதி அவருடைய ஈமச்சடங்கிலேயே பிறந்தது.

இதனை விதியின் விளையாட்டு எனக் கூறி அமைந்துவிடலாம். ஆயினும், அதனுள் ஒரு விமரிசன உண்மை அடங்கியுள்ளது. உரைகாரனின் தீர்ப்புகள் காலத்தோடு கழிந்துவிடுகின்றன. அவன் கேட்க மறுத்தவையும் வாழ்கின்றன. அவன் துதித்தவருள் சிலர் அத்துதிக்குத் தகுதியற்றோராகவும் வெளிப்படுகின்றனர். எஞ்சுவது அவன் பழக்கிய முறை. பல்லியக்குழு பகுதி பகுதியாக ஒத்திகை பார்க்கும் இடத்திலும், மாணவன் ஒருவன் தன் சொற்பிரிப்புக்குக் காரணம் கேட்கப்படும் இடத்திலும் பியூலோ வாழ்கின்றார். பிரதியைத் தலைக்குள் வைத்திருந்த ஒருவரே புதியதொரு பிரதியின் முன் காதைப் பொத்தினார் என்பதும் உடன் நினைக்கப்பட வேண்டும். கற்றறிந்தோன் தான் கற்றதைக்கொண்டு கேட்கின்றானா, கற்றதைக்கொண்டு காதை அடைக்கின்றானா என்னும் வினா இசைக்கு மட்டும் உரியதன்று. பழைய நூல்களைப் பயில்வோர், பயிற்றுவோர் அனைவர் முன்பும் பியூலோவின் வாழ்க்கை அவ்வினாவை வைத்துச் செல்கின்றது.